கவிதை எழுதப் பழகுவோம்

நம் இல்லங்களில் எத்தனையோ பிள்ளைகள் பள்ளி நோட்டின் கடைசிப் பக்கத்தில் கவிதை எழுதி வைத்திருக்கிறார்கள். அதனைக் காணும் பெற்றோருள் சிலர், "படிக்கிற நேரத்தில் இது எதற்கு?" எனக் கடிந்துகொள்வர். வேறு சிலரோ, "இவன் பிறவிக் கவிஞன்" என வானளாவப் புகழ்வர். முன்னது ஆர்வத்தைக் கெடுக்கிறது. பின்னது பயிற்சியைக் கெடுக்கிறது. கவிதையும் கற்றுப் பழகினால் கைவரும் கலையே என்பதை இரு சாராரும் உணர வேண்டும்.

முதற்பாடம் செவிக்கு உரியது. 17-ஆம் நூற்றாண்டில் உமறுப் புலவர் பாடிய சீறாப்புராணத்தில் 5,000-க்கும் மேற்பட்ட பாடல்கள் உள்ளன. நாள்தோறும் ஒரு பாடலையேனும் வாய்விட்டுப் படியுங்கள். பொருள் முழுதும் விளங்காவிடினும் ஓசை மனத்தில் பதியும். அடிதோறும் இரண்டாம் எழுத்து ஒன்றி வரும் எதுகையைக் காது தானே இனங்காணும்.

அடுத்தது யாப்பு. அதன் தொடக்கம் மிக எளிது. 'வா', 'கல்' என்பன நேரசை; 'நிலா', 'கடல்' என்பன நிரையசை. அசைகள் சேர்ந்து சீராகும்; சீர்கள் சேர்ந்து அடியாகும். முதலடியில் 4 சீர், இரண்டாமடியில் 3 சீர் என அமைவது குறள் வெண்பா. ஆசிரியர் ஒருவரிடம் தளை இலக்கணத்தைக் கேட்டறிந்து, வாரம் ஒரு குறள் வெண்பா எழுதிப் பாருங்கள். வேண்டாத சொல்லுக்கு அங்கே இடமில்லை என்பது விரைவில் புலப்படும்.

மூன்றாவது, கண்டதை எழுதுதல். "வறுமை கொடியது" என்பது வெறும் கருத்து. பெருநாள் காலையில் மகனின் பழைய சட்டைக்குப் பொத்தான் தைக்கும் தாயைக் காட்டுங்கள்; வறுமை என்ற சொல்லே தேவைப்படாது.

எழுதியதை உடனே பத்திரிகைக்கு அனுப்பிவிடாதீர்கள். பத்து நாள் கழித்து உரக்கப் படியுங்கள். நாக்கு இடறும் இடத்தைத் திருத்துங்கள். நீக்கினாலும் பொருள் குறையாத சொல்லை நீக்குங்கள்.

"புதுக்கவிதைக்கு இலக்கணம் எதற்கு?" என இளைஞர்கள் வினவலாம். 'பால்வீதி' தந்து, 'ஆலாபனை'க்காக 1999-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற கவிக்கோ அப்துல் ரகுமான், வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரியில் தமிழ் கற்பித்த பேராசிரியர். மரபை அறிந்தவர் அதனைக் கடப்பது வேறு. அறியாதவர் அதனைத் தவிர்ப்பது வேறு.

பெற்றோரே! உங்கள் மகனோ மகளோ எழுதியதைக் காட்டினால், திட்டவும் வேண்டாம். மிகையாகப் புகழவும் வேண்டாம். "படித்துக் காட்டு, கேட்கிறேன்" என்று சொல்லி அருகில் அமருங்கள். தொடர்ந்து எழுத அப்பிள்ளைக்கு அந்த ஊக்கம் போதும்.