மேட்டூரில் இன்று எத்தனை அடி?

வைகாசி பிறந்துவிட்டால் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பக்கத்து டீக்கடைகளிலும் உரக்கடைகளிலும் இந்தக் கேள்விதான். மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. அன்று திறந்தால் குறுவைச் சாகுபடி உண்டு. திறக்காவிட்டால் பம்புசெட் வைத்திருப்பவர்கள் மட்டும் நாற்றங்கால் போடுவார்கள், மற்றவர்கள் சம்பாவுக்குக் காத்திருப்பார்கள். 2022இல் மே 24ஆம் தேதியே தண்ணீர் விட்டார்கள். 2024இல் ஜூலை 28 வரை இழுத்தது. 2025இல் மறுபடியும் ஜூன் 12. ஒரு வீட்டின் கல்யாணம், கடன், பள்ளிக்கூடக் கட்டணம் எல்லாமே அந்த ஓர் எண்ணைப் பார்த்துத்தான் முடிவாகின்றன. அப்படிப்பட்ட எண்ணை, யார் எழுதியது, எந்தத் தேதிக்குரியது என்று தெரியாத ஒரு வாட்ஸாப் செய்தியில் படித்துவிட்டு விதை வாங்கப் போகிறோம்.

எல்லோர் கையிலும் கைபேசி வந்துவிட்ட பிறகு, நல்ல இணையதளமும் செயலியும் எவை என்று என்னிடம் கேட்பவர்கள் அதிகம். நான் ஒன்றைத்தான் பார்ப்பேன். அது காட்டும் எண்ணை யார், எங்கே, எதைக் கொண்டு அளந்தார்கள்? அந்தத் திரைக்குப் பின்னால் ஓர் அளவுகோலோ கருவியோ பதிவேடோ இருந்தால் அதை வைத்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் அது எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

மேட்டூரையே எடுத்துக்கொள்வோம். அணையின் நீர்மட்டம், நீர்வரத்து, நீர் திறப்பு ஆகிய மூன்றையும் நீர்வளத் துறை தினமும் பதிவு செய்கிறது. தமிழ்நாடு வேளாண்மைத் துறை 2018இல் கொண்டுவந்த உழவன் செயலியில் அணைகளின் நீர் நிலவரத்துக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. கர்நாடகத்திலிருந்து வரும் தண்ணீரை எல்லையில் பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையம் அளக்கிறது. 2018 பிப்ரவரி 16ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுக்கு ஒதுக்கிய 177.25 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி) வந்ததா என்று கணக்குப் பார்ப்பதும் அங்கேதான்.

எண் கிடைத்தால் போதாது, அதைப் படிக்கத் தெரிய வேண்டும். மேட்டூரின் முழு உயரம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. 60 அடி தண்ணீர் இருந்தால் அணை பாதி நிறைந்துவிட்டது என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் அப்போது சுமார் 25 டி.எம்.சி.தான் இருக்கும். நீர்த்தேக்கம் கீழே குறுகி மேலே போகப் போக அகன்றுகொண்டே போகிறது. 100 அடியில் சுமார் 65 டி.எம்.சி. மேலே உள்ள கடைசி 20 அடி மட்டும் 28 டி.எம்.சி.க்கு மேல் பிடிக்கிறது. கீழே உள்ள 60 அடி மொத்தமும் சேர்ந்து பிடிப்பதைவிட இது அதிகம். அதனால் 118 அடியிலிருந்து 120க்கு ஏறுவதும் 48லிருந்து 50க்கு ஏறுவதும் ஒன்றல்ல.

திறப்பைக் கன அடியில் சொல்கிறார்கள். ஒரு கன அடி என்பது விநாடிக்கு ஏறத்தாழ 28 லிட்டர். நாள் முழுக்க 11,574 கன அடி வீதம் திறந்தால் ஒரு டி.எம்.சி. காலி. இந்த ஓர் எண்ணை மனப்பாடம் செய்துகொண்டால், விநாடிக்கு 12,000 கன அடி திறப்பு என்ற செய்தியைப் பார்த்ததுமே வரத்து நின்றுபோனால் அணை எத்தனை நாள் தாங்கும் என்பதை நீங்களே போட்டுப் பார்த்துவிடலாம். கல்லணைக்கு வந்த தண்ணீர் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் எனப் பிரிகிறது, மிகுந்தால் கொள்ளிடத்துக்குப் போகிறது. எதில் எவ்வளவு விட்டார்கள் என்ற விவரமும் அன்றாடம் வெளியாகிறது. கடைமடைக்காரர் பார்க்க வேண்டியது மேட்டூர் எண்ணைவிட இந்தக் கல்லணை எண்ணைத்தான்.

அடுத்தது மழை. குறுவை அறுவடையும் வடகிழக்குப் பருவமழையும் ஒரே நேரத்தில் வந்து மோதும் பகுதி காவிரி டெல்டா. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது பொது விதி. மழை கூடிய ஆண்டுகளில் மத்திய அரசு தளர்வு தந்தால்தான் அதற்கு மேல் எடுப்பார்கள். சாலையோரம் பரப்பிய நெல்லைக் குவித்துத் தார்ப்பாய் போடுவதா, இன்னும் இரண்டு மணி நேரம் காய விடுவதா என்ற முடிவில் ஒரு குடும்பத்தின் மூன்று மாத உழைப்பு இருக்கிறது. அந்த முடிவுக்கு உதவும் கருவி காரைக்காலில் சுழன்றுகொண்டிருக்கிறது. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் டாப்ளர் ரேடார் அது. அது எடுக்கும் படம் துறையின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி, சில நிமிடங்களுக்கு ஒருமுறை புதிதாக வருகிறது. பணம் கட்ட வேண்டாம், பெயர் பதிய வேண்டாம்.

ரேடார் சுமார் 10 சென்டிமீட்டர் அலைநீளமுள்ள நுண்ணலையைச் சிறுசிறு துடிப்புகளாக அனுப்பிவிட்டுக் காத்திருக்கும். மழைத்துளியில் பட்டு அலை திரும்பி வரும். திரும்ப எடுத்துக்கொண்ட நேரத்திலிருந்து மேகம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று தெரியும். எவ்வளவு பலமாகத் திரும்பியது என்பதிலிருந்து துளிகளின் பருமனும் அடர்த்தியும் தெரியும். அலையின் அதிர்வெண் சற்றே கூடியிருந்தால் துளிகள் ரேடாரை நோக்கி வருகின்றன, குறைந்திருந்தால் விலகிப் போகின்றன. படத்தில் நீலமும் பச்சையும் லேசான மழை, மஞ்சளிலிருந்து சிவப்புக்குப் போகப் போகக் கனமழை.

இதைப் பயன்படுத்தும் விதம் எளிது. அரை மணி நேர இடைவெளியில் இரண்டு படங்களைப் பாருங்கள். நாகப்பட்டினம் கரையில் இருந்த சிவப்புத் திட்டு அரை மணியில் 15 கிலோமீட்டர் மேற்கே நகர்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தஞ்சாவூர் அங்கிருந்து நேர்க்கோட்டில் சுமார் 75 கிலோமீட்டர். அதே வேகத்தில் வந்தால் இரண்டரை மணி நேரம் இருக்கிறது. ஆனால் மேகம் வழியிலேயே வளரும், கரையும். ஆகவே ஒரு மணி நேரத்துக்கு மேல் இந்தக் கணக்கை முழுதாக நம்பக்கூடாது, மறுபடி பார்க்க வேண்டும். இன்னொன்றும் உண்டு. கதிர் சற்றே மேல்நோக்கிப் போவதாலும் பூமி வளைந்திருப்பதாலும், காரைக்காலிலிருந்து கிளம்பும் அது தஞ்சாவூருக்கு வரும்போது தரையிலிருந்து கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும். அங்கே தெரியும் தூறல் தரைக்கு வருமுன் ஆவியாகிப் போகலாம். படத்தில் மழை, களத்தில் வெயில் என்ற நிலை அதனால் வருவதுதான்.

நான்கைந்து நாள் முன்கூட்டித் தெரிய வேண்டுமென்றால் மேகதூத் செயலி. 2019இல் வந்தது. மாவட்ட வாரியாக மழை, காற்று, ஈரப்பதம் இவற்றோடு பயிருக்கான யோசனையும் செவ்வாய், வெள்ளி என வாரம் இருமுறை வரும். டெல்டாவுக்கான யோசனையை எழுதுவது ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தில் உள்ள பிரிவு. 1922இலிருந்து இந்த மண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கும் இடம் என்பதால் அந்த யோசனைக்கு நான் தனி மதிப்பு கொடுக்கிறேன்.

இடியைப் பற்றி டெல்டாவில் யாரும் போதுமான அளவு பயப்படுவதில்லை. திறந்த வயலில் நடவு நட்டுக்கொண்டிருக்கும் பெண்களும் ஆடு மேய்ப்பவர்களும்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் உருவாக்கிய தாமினி செயலியை ஒவ்வொரு நடவுக் குழுவிலும் ஒருவராவது வைத்திருக்க வேண்டும். மின்னல் வெட்டும்போது ஒரு ரேடியோ அலை கிளம்புகிறது. நாடெங்கும் உள்ள எண்பதுக்கும் மேற்பட்ட உணரிகளில் அது வெவ்வேறு நொடித்துகள்களில் போய்ச் சேர்கிறது. அந்த நேர வித்தியாசத்தை வைத்து மின்னல் விழுந்த இடத்தைக் கணிக்கிறார்கள். நீங்கள் நிற்கும் இடத்தைச் சுற்றி 20, 40 கிலோமீட்டருக்குள் மின்னல் வெட்டினால் செயலி எச்சரிக்கும். எச்சரித்ததும் மரத்தடிக்கு ஓடாமல் கூரையுள்ள கட்டடத்துக்குப் போக வேண்டும்.

நிலப் பதிவேடு பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ‘எங்கிருந்தும் எந்நேரமும்’ என்ற பெயரில் அரசின் மின்சேவைத் தளம் இருக்கிறது. பட்டா, சிட்டா, அ-பதிவேடு, புலப்படம் எல்லாம் அதில் பார்க்கலாம். வில்லங்கச் சான்று பதிவுத் துறையின் தளத்தில். நாம் பேசுவது மாக்கணக்கு, பட்டா பேசுவது ஹெக்டேரும் ஏரும். மூன்று மா ஏறத்தாழ ஓர் ஏக்கர். ஆகவே ஒரு மா என்பது 13 ஏர் சொச்சம். வரப்புத் தகராறில் பஞ்சாயத்துக்குப் போகுமுன் புலப்படத்தை இறக்கிப் பாருங்கள். வயலை முக்கோணங்களாகப் பிரித்து ஒவ்வொரு பக்கத்துக்கும் மீட்டரில் நீளம் போட்டிருக்கும். ஒரு நாடாவை எடுத்துக்கொண்டு இரு தரப்பும் சேர்ந்தே போய் அளந்தால் பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும்.

அதே வயலை வானத்திலிருந்தும் பார்க்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. ஐரோப்பிய கோபர்னிக்கஸ் திட்டத்தின் சென்டினல் செயற்கைக்கோள் படங்கள் உலகில் எவருக்கும் இலவசம். சென்டினல்-2இன் ஒரு புள்ளி தரையில் 10 மீட்டருக்கு 10 மீட்டர். ஒரு மா நிலம் அந்தப் படத்தில் 13 புள்ளி. பச்சை எங்கே தேறியிருக்கிறது, எங்கே திட்டுத்திட்டாக வெளுத்திருக்கிறது என்று தெரிந்துகொள்ள அது போதும். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் மேகம் மறைத்துவிடும். அப்போது கைகொடுப்பது சென்டினல்-1. அதில் இருப்பது ரேடார், அதன் அலை மேகத்தைத் துளைத்துக்கொண்டு வரும். நடவுக்குத் தண்ணீர் கட்டிய வயல் சலனமில்லாத பரப்பு என்பதால் அலையை வேறு பக்கம் தெறித்துவிடும், படத்தில் கருப்பாகத் தெரியும். பயிர் தூர் கட்டி உயர உயர அலை பல திசையிலும் சிதறி ஒரு பகுதி திரும்பி வரும், வயல் நாளுக்கு நாள் வெளிச்சமாகும். கருப்பிலிருந்து வெளிச்சத்துக்கு இப்படி மாறும் இடமெல்லாம் நெல். தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் இந்த முறையில் நெல் பரப்பை வரைபடமாக்கி வருகிறது. வெள்ளத்தில் எந்தெந்த ஊர் வயல்கள் மூழ்கின என்பதையும் இதே படம் காட்டிக்கொடுக்கும். பயிர்க் காப்பீட்டில் சம்பா நெல்லுக்கு விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 1.5 விழுக்காடு. இழப்பீட்டைத் தீர்மானிப்பதில் கிராம அளவிலான அறுவடைப் பரிசோதனைக்கே முதலிடம் என்றாலும், நம் ஊரின் வெள்ளப் படத்தைத் தேதியோடு எடுத்து வைத்துக்கொள்வது வீண்போகாது என்பது என் எண்ணம்.

பூச்சி, நோய் என்று வரும்போதுதான் நான் எச்சரிக்கையாகிறேன். இலையைப் படம் எடுத்துப் போட்டால் நோயின் பெயரைச் சொல்லும் செயலிகள் பல வந்துவிட்டன. குலைநோயின் கண் வடிவப் புள்ளியை அவை பெரும்பாலும் சரியாகவே பிடிக்கின்றன. ஆனால் புகையான் பூச்சி தூரின் அடியில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே கூட்டமாக உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும். மேலே தோகையைப் படம் எடுத்தால் ஒன்றும் தெரியாது. வட்டவட்டமாகப் பயிர் கருகிய பிறகு தெரிந்து பயனில்லை. குனிந்து தூரைத் தட்டிப் பார்க்கும் வேலையை எந்தக் கைபேசியும் செய்யாது. இலை மஞ்சளானாலும் அப்படித்தான். தழைச்சத்துக் குறைவாக இருக்கலாம், துத்தநாகக் குறைவாக இருக்கலாம், துங்ரோ வைரஸாகவும் இருக்கலாம். படத்தை மட்டும் நம்பி மருந்தடித்தால் காசும் போகும், நன்மை செய்யும் சிலந்தியும் சாகும். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் அக்ரிடெக் தளம் தமிழிலேயே இருக்கிறது. அதில் அறிகுறியைப் படித்து வயலில் ஒப்பிட்டுப் பார்ப்பதே நல்லது. நெல்லுக்கு மலிவான கருவியொன்று போதுமென்றால் அது இலை வண்ண அட்டை. இலையின் பச்சையை அட்டையின் பச்சையோடு ஒட்டிவைத்துப் பார்த்து, வெளுத்திருந்தால் மட்டும் யூரியா போடுவது. அதற்கு மின்சாரமும் வேண்டாம், இணையமும் வேண்டாம்.

கடைசியாக, எதைத் தொடக்கூடாது என்பது. பி.எம். கிசான் பணம் வந்திருக்கிறது, இந்தச் செயலியை இறக்கிக்கொள்ளுங்கள் என்று வாட்ஸாப்பில் வரும் ஏ.பி.கே. கோப்பைத் திறந்தால் வங்கிக் கணக்கு காலியாகும். அரசுச் செயலி எதுவும் வாட்ஸாப் வழியாக வராது. பிளே ஸ்டோரில் தேடும்போதும் வெளியிட்டவர் பெயர் அந்தத் துறைதானா என்று பாருங்கள், அதே படமும் அதே பெயரும் போட்ட போலிகள் உண்டு. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். முதல் சில மணி நேரத்துக்குள் சொன்னால் பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பு இருக்கிறது.

பட்டன் போன் மட்டும் வைத்திருக்கும் பெரியவர்களுக்கு 1800 180 1551. 2004இல் தொடங்கிய கிசான் அழைப்பு மையம், கட்டணம் கிடையாது. காலை 6 மணியிலிருந்து இரவு 10 மணி வரை எல்லா நாளும் தமிழிலேயே பேசலாம். அழைக்கும் முன் நெல் ரகம், நட்ட தேதி, கடைசியாக உரம் போட்ட நாள் மூன்றையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பூச்சி தோகையில் இருக்கிறதா, தூரில் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிட்டே எண்ணைப் போடுங்கள். அவர்கள் முதலில் கேட்பது அதைத்தான்.