வாத்து அடையில் இருக்கிறது

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நமக்கு இட்டிருக்கும் பெயர் 'வாத்து வாத்தியார்'. வீட்டில் வாத்து வளர்ப்பதனால் வந்த பெயர் என்றே இதுவரை நம்பி வருகிறோம். நம் நடையைப் பார்த்து வைத்த பெயராயிருந்தால் அது வேறு விஷயம்.

கள்ளக்குறிச்சியில் வாத்துக்குப் பஞ்சமில்லை. கல்வராயன் மலையில் பெய்த மழை கோமுகி நதியாக இறங்கி வந்து, நெல் விளைந்து அறுவடையும் ஆகிவிட்டால், கழனிகளில் வாத்து மந்தைகள் வந்துவிடும். ஆனால் அத்தனை வாத்துகளிலும், தான் இட்ட முட்டையின்மேல் தானே அமர்ந்து குஞ்சு பொரிக்கும் வாத்தைக் காண்பது அரிது. குற்றம் வாத்தினுடையதன்று. அடையில் அமர்ந்த வாத்து முட்டையிடாது. ஆகவே, ஓயாமல் முட்டையிடுவதையே மனிதன் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வளர்த்தான். தாய்மைக் குணம் கைநழுவிப் போயிற்று. அதை ஈடு செய்ய அடைக்கோழியின் தலையில் பொறுப்பைக் கட்டுகிறோம். பாவம், கோழி 21 நாள் கணக்குக்குப் பிறந்தது. அதன்மேல் 28 நாள் கடனைச் சுமத்துகிறோம்!

பொரித்த பிறகு நடப்பது இன்னும் வேடிக்கை. குஞ்சுகள் குளத்தில் இறங்கிவிடும். வளர்ப்புத் தாய் கரையில் நின்று கதறும். முட்டையை விட்டு வந்ததும் முதலில் கண்டவரைத் தாயாகக் கொள்ளும் இந்தப் பறவைக் குணத்தை ஆராய்ந்த ஆஸ்திரிய அறிஞர் கொன்ராட் லோரென்ஸ், 1973-ல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவர். அவருக்குப் பின்னாலும் பெருவாத்துக் குஞ்சுகள் வரிசையாகச் சென்றனவாம்.

சென்ற ஆண்டு நாமும் கோழியைக் கொண்டே ஏழு குஞ்சுகள் பொரித்தோம். மழைக்காலம். குஞ்சுகள் சீக்கிரம் கொழுக்கட்டும் என்ற ஆசையில், மூலையில் கிடந்த கடலைப் புண்ணாக்கைப் பொடித்துத் தவிட்டோடு பிசைந்து வைத்தோம். லேசாகப் பூஞ்சை கண்டிருந்தது; தட்டிவிட்டால் போயிற்று என்று நினைத்தோம். சில நாட்களில் குஞ்சுகள் தீனியை வெறுத்தன, கால் தள்ளாடிற்று. கடைசியில் கழுத்தைப் பின்புறம் வளைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக விழுந்தன. கோழி மூன்று நாள் கூவித் தேடிற்று. கால்நடை வைத்தியர் வந்து முதலில் கேட்டது குஞ்சுகளை அல்ல, புண்ணாக்கை.

1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் காரணம் தெரியாமல் மடிந்தன. வாத்துக் குஞ்சுகளும் தப்பவில்லை. பிரேஸிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் ஒருவகைப் பூஞ்சை உண்டாக்கிய நஞ்சுதான் அத்தனைக்கும் காரணம் என்று பின்னர் கண்டார்கள். அதற்கு அஃப்ளாடாக்ஸின் என்று பெயர். காய்ச்சினாலும் போகாது. அதன் கொடுமைக்கு வாத்துக் குஞ்சைப்போல் எளிதில் இரையாகும் பிராணிகள் சிலவே. இதையெல்லாம் பட்டம் பெற்ற நாம் ஏழு குஞ்சுகளைப் புதைத்த பிறகுதான் படித்தோம்.

இந்த ஆண்டு ஓர் அதிசயம் நிகழ்ந்தது. நம் நாட்டு வாத்து ஒன்று வைக்கோல் போருக்கு அடியில் பதினோரு முட்டைகளைச் சேர்த்துக்கொண்டு தானே அமர்ந்துவிட்டது! கிட்டப் போனால் சீறிற்று. வேறு இடத்துக்கு மாற்றலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, மலையிலிருந்து புளியும் கடுக்காயும் கொண்டுவரும் கிழவி வந்து சேர்ந்தாள். "வாத்தியாரையா, அது இடம் பாத்துத்தான் உக்காந்திருக்கு. நீங்க சும்மா இருங்க," என்றாள்.

சும்மா இருப்பது எவ்வளவு கடினம்! இரவில் கீரிக்கும் பூனைக்கும் அகப்படாதபடி சுற்றிலும் தட்டி கட்டினோம், அவ்வளவே. நாள்தோறும் ஒருமுறை அது எழுந்து, மார்பிலிருந்து பிடுங்கிய மென்சிறகால் முட்டைகளை மூடிவிட்டு, குளித்துத் தீனி தின்று திரும்பும். ஈர மார்போடு அமர்வதால் முட்டைக்கு வேண்டிய ஈரம் கிடைக்கிறது. கோழியின் அடையில் வைத்த வாத்து முட்டைக்கு நம் பெண்கள் தண்ணீர் தெளிப்பதும் இதற்காகவே. ஏழாம் நாள் இரவு, வாத்து எழுந்த சமயம் பார்த்து, விளக்கொளியில் முட்டைகளைப் பிடித்துப் பார்த்தோம். ஒன்பதில் சிலந்தி வலைபோல் இரத்த நாளங்கள் ஓடின, இரண்டு கூமுட்டை. அவற்றை எடுத்துவிட்டோம்.

இருபத்தேழாம் நாள் முதல் ஓட்டில் விரிசல் கண்டது. பொழுது சாய்ந்தும் குஞ்சு வெளிவரவில்லை. "ஓட்டைப் பிரித்து விடலாமே, அப்பா!" என்று நம் பெண் கெஞ்சினாள். நமக்கும் கை துறுதுறுத்தது. ஆனால் அந்த நேரத்தில் மிச்சமுள்ள மஞ்சள் கருவைக் குஞ்சு தன் வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டிருக்கும். ஓட்டின் உட்சவ்விலுள்ள நாளங்கள் வற்றியிருக்க மாட்டா. அவசரப்பட்டால் இரத்தம் கசிந்து இறக்கும். வீட்டில் அன்றிரவு யாரும் சரியாகத் தூங்கவில்லை. மறுநாள் மாலைக்குள் ஒன்பதும் வெளிவந்தன.

உள்ளிழுத்த மஞ்சள் கருவே ஒரு நாளுக்குப் போதும் என்பதால் தீனிக்கு அவசரப்படவில்லை. பிறகு குருணையை வேகவைத்து, புதிய தவிடு கலந்து வைத்தோம். கால் வளையாமலிருக்கத் தேவையான நியாஸின் சத்து கோழிக் குஞ்சைவிட வாத்துக் குஞ்சுக்கு அதிகம் வேண்டும். தவிட்டில் அது ஏராளம். தண்ணீர், மூக்கு முழுகும் ஆழத்துக்கு, உள்ளே விழ முடியாத சட்டியில். புண்ணாக்கு என்ற பேச்சையே எடுக்கவில்லை.

ஐந்தாம் நாள் காலை தாய் முன்னே செல்ல ஒன்பதும் குளத்தில் இறங்கின. புளியமரத்தில் இரண்டு காகங்கள் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தன. நாம் கையில் கோலோடு கரையில் நின்றோம். சென்ற ஆண்டுக் கோழியும் எங்கிருந்தோ வந்து பக்கத்தில் நின்று, தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தது. பள்ளிக்கூட மணி அடித்துவிட்டது. காகங்கள் போவதாகக் காணோம்.