திருப்பி விடும் மீனுக்காக

இங்கிலாந்தின் ஏரிகளில் தூண்டில் போடுவோர் பலர், பிடித்த கெண்டையைக் கறிக்குக் கொண்டுபோவதில்லை, தண்ணீரிலேயே விட்டுவிடுகிறார்கள். அங்கே ஓர் ஏரியில் வாழ்ந்த 'பென்சன்' என்ற கெண்டை அப்படி 60 தடவைக்கு மேல் பிடிபட்டு, 2009-இல் இறந்தது.

விடுகிற மீன் பிழைக்க வேண்டாமா? அதில் பாதி, தூண்டிலைத் தேர்ந்தெடுக்கும்போதே முடிவாகிவிடுகிறது. தூண்டில் நரம்பு மெலிந்திருந்தால் பெரிய மீன் அறுத்துக்கொண்டு ஓடும். முள் அதன் வாயிலேயே தங்கிவிடும். எதிர்முள் இல்லாத தூண்டில் முள்ளோ, விரலால் லேசாகத் திருப்பினாலே கழன்றுவிடும். முடிச்சில்லாத கைவலையில் ஏந்தினால் செதில் அவ்வளவாகச் சிதையாது.

மீனைத் தொடுமுன் கையை நனைத்துக்கொள்ளுங்கள். உலர்ந்த கை பட்டால் அதன் உடம்பின் வழுவழுப்பான படலம் கையோடு வந்துவிடும். நோய்க்கிருமிகளிடமிருந்து மீனைக் காப்பது அந்தப் படலம்தான்.