கம்பியில்லா விசைப்பலகை

கூடத்துத் தொலைக்காட்சியோடு இணைந்த கணிப்பொறியை நாற்காலியில் அமர்ந்தவாறே இயக்குவதற்குக் கம்பியில்லா விசைப்பலகை உதவுகிறது. படத்தை நிறுத்தவும், பாட்டுப் பட்டியலைப் புரட்டவும், வேண்டியதைத் தட்டித் தேடவும் இயலும். இஃது எவ்வாறு நிகழ்கிறது?

அப்பலகை ஒரு சின்னஞ்சிறு வானொலி நிலையமே. தட்டும் ஒவ்வோர் எழுத்தும், பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அளவிலான வானொலி அலையில் ஏறிச் செல்கிறது. கணிப்பொறியில் செருகிய விரல்நுனி அளவான ஏற்பி அதனைப் பெறுகிறது. அகச்சிவப்புக் கதிரால் இயங்கும் ரிமோட்டுக்கு எதிரே மறைப்பு இருத்தலாகாது. வானொலி அலையோ கதவையும் சுவரையும் கடக்கும்.

நன்மையாகிய அதுவே தீமையும் ஆகலாம். நிலையம் பரப்புவதை அயலாரும் கேட்கலாம் அல்லவா? மலிவான பலகைகள் சில, எழுத்துக்களைச் சங்கேதமாக மாற்றாமலே அனுப்புகின்றன என்று 2016-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். நாம் தேடும் படத்தின் பெயரைப் பிறர் அறிவதால் நட்டமில்லை. வங்கிக் கணக்கின் கடவுச்சொல்லை அறிந்துவிட்டால்?

ஆகவே, வாங்குமுன் ‘ஏ.இ.எஸ்.’ என்னும் சங்கேதக் காப்பு உண்டா எனக் கேட்டறிதல் நலம். காப்பில்லாத பலகை படம் பார்ப்பதற்கு மட்டும் பயன்படட்டும். பணக் கணக்கை அதில் தட்ட வேண்டா.