உங்களுக்குத் தெரியுமா? பூணூலுக்குப் போப்பின் அனுமதி

பூணூலும் குடுமியுமாகவே ஒருவர் கிறிஸ்தவராக இருக்கலாம் என்று 1623-இல் போப் பதினைந்தாம் கிரகோரி ஆணையிட்டார். பழைய சமயச் சடங்கு கலக்கக் கூடாது, அவ்வளவுதான்.

• இந்த ஆணைக்குக் காரணமான வழக்கின் நாயகர், 1606-இல் மதுரை வந்த இத்தாலியப் பாதிரியார் ராபர்ட் தெ நொபிலி. காவி உடை, காலில் பாதக்குறடு, மரக்கறிச் சாப்பாடு. இந்தக் கோலத்தைப் பற்றி மேலிடத்துக்குப் புகார் எழுதியவர், மதுரையிலேயே இருந்த சக பாதிரியார் கொன்சாலோ பெர்னாண்டஸ்!

• இந்த வழக்கில் 1619-இல் நடந்த கோவா விசாரணையில் நொபிலி பக்கம் நின்றவர் கேரளத்துக்காரர்களுக்குத் தெரிந்த பெயர்: கொடுங்கல்லூர்ப் பேராயர் பிரான்சிஸ் ரோஸ்.

• மறுபிறவிக் கொள்கையை மறுக்க நொபிலி எழுதியது 'புனர்ஜென்ம ஆட்சேபம்'. நூறாண்டு கழித்து வந்த இன்னொரு இத்தாலியப் பாதிரியார் வீரமாமுனிவரோ 'வேத விளக்கம்' எழுதி மல்லுக்கு நின்றது தரங்கம்பாடி லுத்தரன்களிடம். அது கிறிஸ்தவர்களுக்குள்ளேயே நடந்த பங்காளிச் சண்டை.