வெப்ப நாட்டில் வெள்ளிப் படம்

1948-ஆம் ஆண்டு ஜூன் மாதம் மலாயாவில் அவசரகாலம் பிரகடனம் செய்யப்பட்டதைத் தொடர்ந்து, பன்னிரண்டு வயது நிரம்பிய ஒவ்வொருவரும் புகைப்படமும் பெருவிரல் ரேகையும் பதிந்த அடையாள அட்டையை வைத்திருக்க வேண்டுமென்ற விதி வந்தது. லாபிஸ், குளுவாங், கூலாய் முதலிய ஜொகூர் வட்டாரத் தோட்டங்களில் பால் மரம் சீவிய தமிழரும் அவ்விதிக்கு உட்பட்டவர்களே. அந்த அட்டைகளில் ஒட்டிய சின்னஞ்சிறு முகங்கள் யாவும், இந்நாட்டின் உஷ்ணத்தில், குளிர்சாதனம் அரிதாயிருந்த காலத்தில், கைகளால் கழுவியெடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள். அன்று தொழில்முறைப் புகைப்படக்காரருக்கே உரியதாயிருந்த அக்கலை இன்று ஜொகூர் பாருவின் அடுக்குமாடி வீடொன்றின் குளியலறையிலேயே எவருக்கும் கைகூடும். ஆனால், ஃபிலிம் கழுவும் முறையைக் கற்பிக்கும் கைநூல்கள் பெரும்பாலும் குளிர்நாடுகளில் எழுதப்பட்டவையாதலால், அவை கூறும் விதிகளை மனனம் செய்தால் மட்டும் போதாது. ஒவ்வொரு விதிக்கும் உள்ள காரணத்தை அறிந்தவரே அதை நம் நாட்டுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ள வல்லவராவர்.

ஃபிலிமின் மேற்பரப்பில் மெல்லிய ஜெலட்டின் படலம் பூசப்பட்டிருக்கிறது. அதனுள் வெள்ளி புரோமைடு முதலான வெள்ளி உப்புகளின் நுண்படிகங்கள் கணக்கின்றி விரவிக் கிடக்கின்றன. காமிராவின் கதவு கண நேரம் திறந்து மூடும்போது, ஒளி பட்ட படிகத்தில் ஒரு சில வெள்ளி அணுக்கள் ஓரிடத்தில் திரள்கின்றன. நான்கு அணுக்கள் சேர்ந்தாலே போதும். அந்தப் படிகம் டெவலப்பர் என்னும் இரசாயனக் கரைசலுக்கு இணங்கும் தன்மையைப் பெற்றுவிடுகிறது. கண்ணுக்குப் புலப்படாத இந்த மறைபிம்பத்தை இரசாயனத்தால் வெளிக்கொணரலாம் என்பதை ஆங்கிலேயரான டால்பட் 1840-இல் கண்டறிந்தார். அது உருவாகும் விதத்தை கர்னி, மோட் என்னும் இயற்பியலறிஞர்கள் 1938-இல் விளக்கினர். டெவலப்பர், அந்தச் சில அணுக்களை வாயிலாகக் கொண்டு, படிகம் முழுவதையும் கறுப்பு வெள்ளி உலோகமாக மாற்றி, ஒளியின் சுவட்டை ஏறக்குறைய நூறு கோடி மடங்கு பெருக்கிவிடுகிறது. ஒளி படாத படிகங்களை அது உடனே தொடுவதில்லை. ஆயினும் காலம் நீண்டால், உஷ்ணம் மிகுந்தால், அவற்றையும் தாக்கத் தொடங்குகிறது. ஆகவே கால அளவையும் உஷ்ணநிலையையும் காப்பதே இக்கலையின் சாரம்.

ஆரம்பநிலையில் இருப்பவருக்குத் தனி இருட்டறை வேண்டியதில்லை. ஒளி புகாத இருட்டுப் பை, ரீலுடன் கூடிய மூடிய டாங்க், வெப்பமானி, அளவுக் குவளைகள், கடிகாரம், டெவலப்பர், ஃபிக்ஸர் ஆகியவை போதும். பைக்குள் கைகளை நுழைத்து, ஃபிலிமை ரீலில் சுற்றி, டாங்கினுள் வைத்து மூடிவிட்டால், எஞ்சிய வேலைகள் அனைத்தையும் விளக்கொளியிலேயே செய்யலாம். நம் நாட்டின் முதல் இடையூறு இங்கேதான் தோன்றுகிறது. பைக்குள் கை வியர்க்கும். ஈரம் பட்ட பிளாஸ்டிக் ரீலில் ஃபிலிம் ஒட்டிக்கொண்டு நகர மறுக்கும். எனவே ரீலை நன்றாக உலர்த்தி, குளிர்சாதன அறையில் அமர்ந்து, வீணான சுருள் ஒன்றைக் கொண்டு முதலில் வெளிச்சத்திலும், பின்னர் கண்களை மூடியும் பழகிக்கொள்வது நன்று.

இனி உஷ்ணத்தைக் கவனிப்போம். கைநூல்கள் யாவும் 20 பாகை செல்சியஸை அடிப்படையாகக் கொள்கின்றன. ஜொகூரின் குழாய்நீரோ பெரும்பாலும் 28 பாகையை ஒட்டி நிற்கிறது. இரசாயன வினை உஷ்ணத்தோடு விரைவுறும். 4 பாகை ஏறினால், தேவைப்படும் காலம் ஏறக்குறைய பத்தில் மூன்று பங்கு குறைகிறது. எச்.பி.5 பிளஸ் ஃபிலிமை நீர் கலவாத ஐ.டி.-11 டெவலப்பரில் 20 பாகையில் கழுவ ஏழரை நிமிடம் ஆகும். 28 பாகையில் அது நான்கு நிமிடத்துக்கும் குறைந்துவிடும். அத்துணைக் குறுகிய காலத்தில், திரவத்தை ஊற்றும்போதும் வடிக்கும்போதும் ஏற்படும் சில வினாடி வேற்றுமையே படத்தில் திட்டுத்திட்டாகத் தெரியும். பரிகாரம் எளிது: டெவலப்பருக்குச் சம அளவு நீர் சேர்த்தால் 20 பாகையில் 13 நிமிடமும், 24 பாகையில் ஏறக்குறைய 9 நிமிடமும் கிடைக்கின்றன. வாளியில் நீர் நிரப்பி, பிளாஸ்டிக் பையில் கட்டிய ஐஸ் துண்டுகளை அதில் மிதக்கவிட்டு, திரவப் புட்டிகளையும் டாங்கையும் அந்நீரில் நிறுத்தினால், 24 பாகையை நிலைநாட்டுவது கடினமன்று. முதல் பத்து வினாடியிலும், பின்னர் ஒவ்வொரு நிமிடத்தின் தொடக்கத்திலும் டாங்கை நான்கு முறை மென்மையாகக் கவிழ்த்து நிமிர்த்துதல் வேண்டும்.

டெவலப்பரை 20 பாகைக்கே குளிர்வித்தால் என்ன என்று சிலர் வினவலாம். ஜெலட்டின் நீரில் ஊறி வீங்கும் இயல்புடையது. வெவ்வேறு உஷ்ணநிலையுள்ள திரவங்களில் அடுத்தடுத்துத் தோய்த்தால் அது சுருங்கி வலைபோல் வெடிப்புறக் கூடும். 20 பாகை டெவலப்பரிலிருந்து எடுத்த ஃபிலிமை 28 பாகைக் குழாய்நீரில் அலசுவதைவிட, 24 பாகையில் எல்லாவற்றையும் நடத்துவதே பாதுகாப்பானது. முற்காலத்து ஜெலட்டின் இன்றைய ஃபிலிமைப் போல் உறுதியானதன்று. அதனால் கோடாக் நிறுவனம் வெப்ப நாடுகளுக்கென்றே, வீக்கத்தைத் தடுக்கும் சோடியம் சல்ஃபேட் சேர்ந்த டெவலப்பரையும், படலத்தைக் கெட்டிப்படுத்தும் குரோம் படிகாரக் கரைசலையும் வகுத்துத் தந்தது. 1967-இல் உற்பத்தியைத் தொடங்கி, ‘இந்து’ என்னும் பெயரில் கறுப்பு வெள்ளை ஃபிலிமை வெளியிட்ட ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் ஆலை தமிழ்நாட்டின் சமவெளியில் அமையாமல், குளிர்ந்த உதகமண்டலத்தில் அமைந்ததும் நினைக்கத்தக்கது.

டெவலப்பரை வடித்தபின், நீர்த்த அமிலக் கரைசலோ வெறும் நீரோ ஊற்றி வினையை நிறுத்த வேண்டும். அடுத்தது ஃபிக்ஸர். ஒளி படாத வெள்ளி உப்பைக் கரைத்து அகற்றுவது அதன் வேலை. ஃபிக்ஸராகப் பயன்படும் ஹைப்போ என்னும் உப்பின் இக்குணத்தை ஆங்கிலேய அறிவியலறிஞர் ஹெர்ஷல் 1819-இலேயே கண்டார். இருபது ஆண்டுகள் கழித்துப் புகைப்படக்கலை பிறந்தபோது அதை நிலைபெறச் செய்தது அந்த அறிவுதான். ஃபிக்ஸர் தன் பணியை முடித்தபின் டாங்கில் புதுநீர் நிரப்பி ஐந்து முறையும், மாற்றி நிரப்பிப் பத்து முறையும், மீண்டும் மாற்றி இருபது முறையும் கவிழ்த்தால், தண்ணீர் வீணாகாமல் ஃபிலிம் தூய்மையாகும். பிறகு குளியலறையில் தூசி அடங்கியிருக்கும் நேரத்தில், கீழ்முனையில் பளு மாட்டித் தொங்கவிட வேண்டும், மின்விசிறி கூடாது. ஈரக்காற்றில் உலர நெடுநேரம் பிடிக்குமாதலின் பொறுமை தேவை. உலர்ந்த நெகட்டிவ்களை சிலிகா ஜெல்லுடன் மூடிய பெட்டியில் வைக்காவிடில், ஜெலட்டினை உணவாகக் கொள்ளும் பூஞ்சை இந்நாட்டில் விரைவில் குடியேறிவிடும்.

இவற்றைவிட முக்கியமான கடமை ஒன்று உண்டு. பயன்படுத்திய ஃபிக்ஸரில் கரைந்துள்ள வெள்ளி நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சாகும். 2019 மார்ச்சில் பாசிர் கூடாங்கின் கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவு கொட்டப்பட்டு, ஆயிரக்கணக்கானோர் சிகிச்சை நாடியதையும், நூற்றுக்கு மேற்பட்ட பள்ளிகள் மூடப்பட்டதையும் ஜொகூர் மக்கள் மறந்திருக்க இயலாது. ஒரு வீட்டின் கழிவு அதனோடு ஒப்பிடத்தக்க அளவினதன்று. ஆனால் பொறுப்பு அளவைப் பொறுத்ததன்று. பழைய ஃபிக்ஸரில் இரும்பு நாரை இட்டு வைத்தால், இரும்பு கரைந்து வெள்ளி வண்டலாகப் படியும். அவ்வண்டலையும் எஞ்சிய திரவத்தையும் சாக்கடையில் ஊற்றாமல், மூடிய கலத்தில் சேமித்து, கழிவை முறையாக ஏற்கும் புகைப்படக் கூடத்திடமோ உரிமம் பெற்ற சேகரிப்பாளரிடமோ ஒப்படைக்க வேண்டும். கையுறை அணிவதும், சமையல் பாத்திரங்களை இதற்குப் பயன்படுத்தாதிருப்பதும், காற்றோட்டமான இடத்தில் வேலை செய்வதும் அந்தப் பொறுப்பின் பகுதிகளே.

முதற்சுருளில், மீண்டும் எடுக்கக்கூடிய சாதாரணக் காட்சிகளையே பதிவு செய்க. ஒவ்வொரு முறையும் நீரின் உஷ்ணநிலை, கலவையின் விகிதம், கால அளவு, நெகட்டிவின் அடர்த்தி ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதி வருக. நெகட்டிவ் அளவுக்கு மீறிக் கறுத்திருந்தால் அடுத்த முறை காலத்தைக் குறைத்தும், வெளிறியிருந்தால் கூட்டியும் ஒப்பிட்டுப் பார்த்து வந்தால், அயல்நாட்டு அட்டவணைகளைக் காட்டிலும் உங்கள் குழாய்நீருக்கும் உங்கள் கைப்பழக்கத்துக்கும் பொருந்திய அட்டவணை ஒன்று உங்களிடமே உருவாகும்.