சிதம்பரனாரின் அறநூல்களும் சிறையாளரும்

நெய்வேலிக்கு அண்மையிலுள்ள கடலூர்ச் சிறையில் 1918ஆம் ஆண்டின் இறுதியில் பாரதியார் சில கிழமைகள் அடைபட்டிருந்தமையை இந்நகரியத்தார் பலரும் அறிவர். அவர்தம் நண்பராகிய வ. உ. சிதம்பரனார் (1872–1936) கோவையிலும் கண்ணனூரிலும் நான்காண்டிற்கு மேல் சிறையிருந்தமையும் யாவரும் அறிந்ததே. ஆயின், ஆண்டு அவர் இயற்றிய நூல்கள் எவரை நோக்கி எழுந்தன என்னும் வினாவை நம் இலக்கிய வரலாறுகள் பெரிதும் எழுப்பவில்லை. செக்கின் நினைவு நூல்களை மறைத்துவிட்டது போலும்!

1908ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 7ஆம் நாள் நெல்லை வழக்கில் அவருக்கு இரட்டை வாழ்நாள் தண்டனை விதிக்கப்பெற்றது. மேல்முறையீட்டில் அது குறைக்கப்பெற, 1912 திசம்பர் 24இல் விடுதலையுற்றார். கோவைச் சிறையில் சணல் கிழிக்கும் எந்திரத்தால் கைத்தோல் உரிந்து குருதி கசிந்ததையும், பின்னர்ச் செக்கிழுத்ததையும் தம் சுயசரிதையில் அகவல் யாப்பில் கூறுகின்றார். அந்நூலில் அவருடைய துன்பத்தை மட்டும் காண்பார் ஒன்றைக் காணத் தவறுவர். களவும் கொலையும் செய்து தண்டனையுற்ற எளிய மாந்தர் பலர் அதன்கண் நடமாடுகின்றனர். அவர் வழக்கறிஞர், ஆதலின், அவர்களுக்கு முறையீட்டு மனுக்கள் வரைந்து தந்தார். அவர்களும் அவரைத் தம் தலைவராகவே போற்றினர்.

இவ்வுறவு கண்ணனூர்ச் சிறையில் வேறொரு வடிவு கொண்டது. உடனிருந்த சிறையாளர் அறங்கேட்க விழைந்தனர். அவர்க்குச் சொல்லிய பொருளே வெண்பாக்களாகி, ‘மெய்யறிவு’ என்னும் நூலாயிற்று. வெண்பாவைத் தேர்ந்தது ஈண்டு எண்ணத்தக்கது. கேட்டு நெஞ்சிற் பதித்துக்கொள்வதற்கேற்ற யாப்பு அது. ஏடும் எழுதுகோலும் அரியவாகிய இடத்தில் அதன் பயன் சொல்லாமலே விளங்கும்.

நம் அறநூல்கள் தீவினையை விலக்குமாறு முன்னறிவுறுத்துவன. வள்ளுவர் கள்ளாமையையும் கொல்லாமையையும் துறவறவியலில் வைத்தார். செய்யற்க என்பது அவற்றின் குரல். செய்துவிட்டவனை எதிரே இருத்தி, இனி நீ வாழுமாறு யாது எனத் தொடங்கும் நூல் தமிழில் மிக அரிது. மெய்யறிவு அத்தகையது என்பது எம் துணிபு. அந்நூல் தன்னை அறிதலில் தொடங்கி, விதி, உடம்பு, மனம் எனச் செல்கின்றது. வீடும் தொழிலும் சுற்றமும் இழந்தானுக்கு எஞ்சியவை உடம்பும் மனமுமே அன்றோ? அச்சிறைக் காலத்ததாகிய ‘மெய்யறம்’ இதனின் வேறுபட்டது. மாணவரியல், இல்வாழ்வியல், அரசியல், அந்தணவியல், மெய்யியல் என ஐந்து இயலும் 125 அதிகாரமும் உடையது. அது மனையும் நாடும் உடையானது வாழ்வின் வரிசை. இரண்டையும் ஒருங்குவைத்து நோக்கினாலன்றி முன்னதன் தனிநிலை புலனாகாது.

இங்கு ஒரு தடை எழும். சிதம்பரனார் ஆங்கில எழுத்தாளர் சேம்சு ஆலனின் நூலொன்றை ‘மனம்போல வாழ்வு’ எனப் பெயர்த்தார். 1909இல் அவர் சிறையிலிருந்தபோதே அது வெளிவந்தது. அவனவன் நிலைக்கு அவனவன் எண்ணமே காரணம் என்பது அதன் கொள்கை. விலங்கு பூண்டவனிடம் இதனைக் கூறுதல் அவன்மேலேயே பழியேற்றுவதாகாதோ? காவலர் கொடுமையையும் உடன்பட்டுப் பொறுக்குமாறு செய்யாதோ? கொள்கையை மட்டும் நோக்கின் இத்தடை வலிதே. ஆசிரியரின் ஒழுக்கத்தை நோக்கின் வலியிழக்கும். அவர் சிறையதிகாரிகளின் அடாத செயலை எதிர்த்து முறையிட்டவர். பிறர்க்கும் முறையீடு எழுதித் தந்தவர். மனத்தை ஆளுதல் என்பதை அடங்கிக் கிடத்தல் என அவர் பொருள் கொள்ளவில்லை.

விடுதலைக்குப் பின் வறுமை அவரைப் பற்றியது. எனினும், 1914இல் மெய்யறமும் 1915இல் மெய்யறிவும் அச்சேறின. 1917இல் திருக்குறள் அறத்துப்பாலுக்கு மணக்குடவர் உரையைப் பதிப்பித்தார். அறத்தைப் பாடியவர் அறத்தின் பழைய உரையைத் தேடிச் சென்றமை இயல்பே.

சிறையின் உள்வாழ்வை விரித்துரைக்கும் சுயசரிதையோ 1946இல்தான், அவர் மறைந்து பத்தாண்டு சென்றபின், நூலாக வெளிப்போந்தது. அதனால், மெய்யறிவை முதலிற் கற்றோர் கையில் அவ்வெண்பாக்களைக் கேட்டிருந்தார் வாழ்வு பற்றிய விளக்கம் இல்லை. பொதுவான நீதிநூல் எனவே அதனை ஒதுக்கினர். இரு நூல்களையும் அடுத்தடுத்து வைத்துக் கற்பிக்கும் பாடத்திட்டம் ஒன்று இன்று தேவைப்படுகின்றது.